ஓட்டுப் போட மறுத்தாலும் பூத்துக்குப் போய் மறுங்கள்

சுடுகாட்டுக்குப் பாதை இல்லாமல், நட்ட வயலில் இறங்கிப் பாடை தூக்கிப் போகும் ஊர்கள் டெல்டாவில் இன்னும் இருக்கின்றன. அப்படி ஓர் ஊர் கருப்புக்கொடி கட்டித் தேர்தலைப் புறக்கணித்தால் அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு பூத்தில் ஒரு ஓட்டுகூட விழாவிட்டாலும் தேர்தல் நிற்காது. மற்ற பூத்துகளை எண்ணி முடிவை அறிவித்துவிடுவார்கள். வீட்டில் இருந்தவர் கோபத்தில் இருந்தாரா, திருப்பூரில் வேலைக்குப் போயிருந்தாரா என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

போடாததற்கு அபராதம் கிடையாது. ரேஷனை நிறுத்துவார்கள் என்பது புரளி. ஆனால் போகிறவரைத் தடுத்து மிரட்டுவது குற்றம், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிச் செய்தாலும்.

யாரையும் பிடிக்கவில்லை என்றால், 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த நோட்டா இருக்கிறது. யார் அழுத்தியது என்று தெரியாது, எண்ணிக்கையையும் தனியாகச் சொல்வார்கள். நோட்டா முதலிடம் வந்தாலும் அதற்கு அடுத்த வேட்பாளர்தான் ஜெயிப்பார், அதைத் தெரிந்துகொண்டே அழுத்துங்கள். பலர் இன்னும் சொல்லும் '49-ஓ' விதி வேறு. பூத்தில் வாக்காளர்கள் கையெழுத்துப் போடும் 17ஏ பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபின் ஓட்டுப் போடவில்லை என்று சொன்னால், அதைக் குறித்து மறுபடி கையெழுத்து வாங்குவார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜென்ட்டுகள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவர்களில் ஒருவர் வயலுக்கே மறுநாள் கூலிக்குப் போக வேண்டியவர் நோட்டாவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

என்னை எழுத வைத்தது, போட வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதுதான். திருவாரூர் மாவட்டத்துப் பூத் ஒன்றில் ஒரு பாட்டி பிளாஸ்டிக் கவரில் ரேஷன் கார்டும் பூத் சிலிப்பும் சுற்றிக்கொண்டு வந்தார். இரண்டுமே செல்லாது என்றார்கள். விதிப்படி சரி. ஆனால் ஆதார், போட்டோ ஒட்டிய பேங்க் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை இவற்றில் ஒன்று போதும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவருடைய வேலை அட்டை வீட்டுப் பெட்டியில் கிடந்தது. விஷயம் தெரிந்து எடுத்து வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. முடியும் நேரத்துக்குள் வரிசையில் நின்றுவிட்டால் டோக்கன் கொடுத்தே தீர வேண்டும்.

"உங்க ஓட்டை ஏற்கெனவே போட்டாச்சு" என்றால் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். டெண்டர் ஓட்டு கேளுங்கள். "தாசில்தாரைப் பாருங்க" என்பார்கள். நகராதீர்கள். நீங்கள்தான் அந்த ஆள் என்று பூத்தின் தலைமை அலுவலருக்குத் திருப்தியானால் அங்கேயே காகித ஓட்டுச்சீட்டு தர வேண்டும், அதுதான் டெண்டர் ஓட்டு. கோர்ட் கேட்டால்தான் அதைப் பிரிப்பார்கள், ஆனாலும் உங்கள் ஓட்டு திருடுபோனது எழுத்தில் பதிவாகும்.

பெரிய இழப்பு வாக்காளர் பட்டியலில்தான். பிழைப்புக்காக வெளியூர் போனவர் பெயரை 'இடம் மாறினார்' என்று அடித்துவிடுகிறார்கள். பூத்துக்கான பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் அலுவலரான பி.எல்.ஓ.விடம் கேட்டால் தாலுகா ஆபீஸ் போகச் சொல்வார், அங்கே போனால் பி.எல்.ஓ.வைப் பார்க்கச் சொல்வார்கள். வேட்புமனுவின் கடைசி நாள் தாண்டினால் யாராலும் பெயரைச் சேர்க்க முடியாது. அதனால் தேர்தல் தேதி அறிவிக்கும்வரை காத்திராமல் இப்போதே பாருங்கள். பெயர் இல்லையென்றால், சேர்ப்பதற்கான படிவம் 6 கொடுத்து ரசீது வாங்குங்கள்; வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். நிராகரித்தால் உத்தரவை எழுத்தில் கேளுங்கள், அந்தத் தேதியிலிருந்து 15 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு செய்யலாம்.