மரபணு கெடவில்லை, ஆனால் வேலை செய்யவில்லை

“எங்க குடும்பத்துல யாருக்கும் கேன்சர் இல்லையே டாக்டர், ஜீன் டெஸ்ட்லயும் ஒண்ணும் இல்லைன்னு வந்திருக்கே, அப்புறம் எப்படி?” சென்னையில் நோய்க்குறியியல் மருத்துவராக நான் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. ரத்தத்தில் பார்க்கும் அந்தச் சோதனை பெற்றோரிடமிருந்து வந்த பிழைகளைத்தான் தேடும். கட்டிக்குள் நடப்பது வேறு. அங்கே ஒரு மரபணு பழுதில்லாமல் இருந்தும் முடங்கிக் கிடக்கலாம்.

ஒவ்வொரு செல்லிலும் ஏறக்குறைய 2 மீட்டர் டிஎன்ஏ, கண்டில் சுற்றிய நூல் போல ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றியிருக்கிறது. சுற்று தளர்ந்தால் மரபணு வேலை செய்யும், இறுகினால் அடங்கிவிடும். ஹிஸ்டோனில் அசிட்டைல் என்ற வேதிக்குறியை ஒட்டும் நொதிகள் தளர்த்துகின்றன. அதை நீக்கும் ஹெச்டாக் நொதிகள் இறுக்குகின்றன. கட்டியைத் தடுக்க வேண்டிய மரபணு இப்படி அடங்கிப்போனால் செல்லைத் தட்டிக்கேட்க ஆளில்லை.

இ.இசட்.எச்.2 என்ற நொதி, ஹிஸ்டோனில் மெத்தில் என்ற இன்னொரு குறியை ஒட்டி மரபணுவை அடக்குவது. சில லிம்போமாக்களில் (நிணநீர் மண்டலப் புற்றுநோய்களில்) அது அளவுமீறி வேலை செய்கிறது. குழந்தைகளின் மூளைத்தண்டில் வரும் ஒருவகைக் கட்டியிலோ நேரெதிர்: ஹிஸ்டோனிலேயே ஓர் அமினோ அமிலம் மாறி, அந்த நொதியை முடக்கிவிடுகிறது. மெத்தில் இருக்கும் இடத்தைப் பழுப்பாகக் காட்டும் ஸ்டெயின் (சாயம்) போட்ட ஸ்லைடில் கட்டி செல்களின் உட்கருக்கள் வெறும் நீலமாக நிற்கும். நடுவே ஓடும் ரத்தக்குழாயின் செல்கள் மட்டும் பழுப்பாக இருக்கும். அந்தக் குழாயும் பழுப்பேறவில்லை என்றால் ஸ்டெயினே சரியில்லை, மறுபடி போடச் சொல்லிவிடுவேன்.

ஒரே நொதி இரண்டு நோய்களில் இரண்டு விதமாக நடப்பதால், “ஜீனை ஆன் செய்யும்” என்று விற்கப்படும் பொடிகளை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். உண்மையான மருந்துகள் குறிப்பிட்ட நோய்களுக்கானவை. ஹெச்டாக்கைத் தடுக்கும் வொரினோஸ்டாட்டுக்கு 2006இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, தோலில் வரும் ஒருவகை டி செல் லிம்போமாவுக்கு. இ.இசட்.எச்.2-வைத் தடுக்கும் டாஸெமெட்டோஸ்டாட்டுக்கு 2020இல். வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட்டும் ஹெச்டாக்கைத் தடுக்கும் என்று படித்துவிட்டு அதைத் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து. கல்லீரலைத் தாக்கும், கர்ப்பிணி என்றால் வயிற்றுக் குழந்தையையும் பாதிக்கும்.

ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ரிப்போர்ட்டோடு பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்த கட்டித் துண்டு) ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள். கையில் ரிப்போர்ட் மட்டும் இருந்தால் இந்த ஸ்டெயினை எங்களால் போட முடியாது.