கரடி ஏன் அதே தடத்தில் நடக்கிறது? உயிரியல் பூங்காவில் பார்த்து எழுதும் தன்னார்வலரின் வேலை

உயிரியல் பூங்காவில் தன்னார்வலராகச் சேர ஆசைப்படுகிறவர்களில் பலரின் மனதில் இருப்பது புலிக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுப்பது, யானையைக் குளிப்பாட்டுவது மாதிரியான காட்சிகள்தான். விலங்குகளின் நடத்தையையும் நலனையும் கவனிக்கிற வேலைக்குப் போனால் அதெல்லாம் பெரும்பாலும் கிடைக்காது. ஒரு கடிகாரம், ஒரு படிவம் அல்லது டேப்லெட், வேலிக்கு வெளியே நிற்க ஓர் இடம், அவ்வளவுதான். விலங்கைத் தொடக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, அது திரும்பிப் பார்த்தால் கையசைக்கவும் கூடாது. காசநோய் போன்ற சில நோய்கள் மனிதரிடமிருந்து யானைக்கும் குரங்குக்கும் தொற்றக்கூடியவை என்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்த விலங்கு உங்களைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டால் நீங்கள் எழுதிக்கொண்டு வருவதில் பாதி, உங்களைப் பார்த்து அது செய்ததாகத்தான் இருக்கும்.

சரி, பராமரிப்பாளர்கள் தினமும் பார்க்கிறார்களே, தனியாக ஒருவர் எதற்கு? விலங்கை அவர்கள் அளவுக்கு அறிந்தவர் யாரும் கிடையாது, ஆனால் சுத்தம் செய்து, தீனி வைத்து, அடுத்த இருப்பிடத்துக்கு ஓட வேண்டியவருக்கு ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நிற்க முடியாது. போதாததற்கு, அவர் வந்தாலே தீனி வரும் என்று விலங்குக்குத் தெரியும், அதனால் அவர் பார்ப்பது எப்போதுமே பரபரப்பில் இருக்கும் விலங்கை. நினைவிலிருந்து சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு: சண்டையும் உறுமலும் மனதில் தங்கும், மூன்று மணி நேரம் சும்மா படுத்திருந்தது தங்காது. கென்யாவின் அம்போசெலியில் பபூன் குரங்குகளை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன் 1974-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இந்தக் கோளாறை நேராக எடுத்துப் பேசியது. கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினால் எடுப்பான சம்பவங்கள்தான் ஏட்டை நிரப்பும், யாரை எப்போது பார்ப்பது என்பதை முன்கூட்டியே விதியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். இன்றைக்குப் பூங்காக்களில் தன்னார்வலர் கையில் கொடுக்கும் படிவம் அந்தச் சிந்தனையின் வழி வந்ததுதான்.

படிவத்துக்கு முன்னால் ஒரு பட்டியல் வரும். எத்தோகிராம் என்பார்கள். அந்த விலங்கு செய்யக்கூடிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு வரையறையும் அதில் இருக்கும். 'சோகமாக இருக்கிறது' என்று எழுத அதில் இடமே இல்லை. 'ஒரே தடத்தில் குறைந்தது மூன்று முறை போய்த் திரும்புகிறது, வழியில் மோப்பம் பிடிக்கவோ தீனி தேடவோ நிற்கவில்லை' என்று 'உலாத்தல்' என்பதற்கு வரையறை இருந்தால், அதற்குப் பொருந்துகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கலாம். இது இரக்கமில்லாத வேலை மாதிரி தோன்றலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் மனம் எவ்வளவு எளிதில் தவறாகப் படித்துவிடுகிறது என்று பாருங்கள்: யானை நின்ற இடத்தில் இடம் வலமாக ஆடினால் 'டான்ஸ் ஆடுது' என்று பார்வையாளர்கள் கைதட்டுகிறார்கள், அது பெரும்பாலும் நெடுநாள் கட்டுண்டு கிடந்ததன் அடையாளம். சிம்பன்சி உதட்டை விரித்து மேலும் கீழும் பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று படம் எடுக்கிறோம், அது பயத்தில் காட்டுகிற முகமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பிறகு கடிகாரம். நிமிடத்துக்கு ஒரு முறை அது ஒலிக்கும், அந்தக் கணத்தில் விலங்கு என்ன செய்கிறதோ அதை மட்டும் குறிக்க வேண்டும். ஒலிப்பதற்கு ஒரு நொடி முன்னால் அது அழகாகக் குளத்தில் பாய்ந்திருந்தாலும் சரி, ஒலித்தபோது கரையில் நின்றால் 'நிற்கிறது' என்றுதான் எழுத வேண்டும். ஒரு மணி நேரத்தில் 60 குறிப்புகள், அதில் 15 உலாத்தல் என்றால் ஏறத்தாழ கால்வாசி நேரம் உலாத்தியிருக்கிறது. ஒரு மணி நேரத்தை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது என்பதால் காலை, மதியம், மாலை, மழை நாள், கூட்டம் அதிகமான நாள் என்று பரப்பி எடுப்பார்கள். இரண்டே நொடியில் முடிகிற கடியும் துரத்தலும் இந்த முறையில் தப்பிவிடும், ஆகவே அவற்றை எப்போது நடந்தாலும் தனிக் கட்டத்தில் எண்ணுவார்கள். விலங்கு கண்ணில் படவில்லையா, அதையும் எழுத வேண்டும். புதருக்குப் பின்னால் ஒதுங்க முடிவதும் அதன் நலனில் சேர்த்திதான்.

ஒரே விலங்கை இரண்டு பேர் ஒரே நேரத்தில் குறித்தால் ஒரே மாதிரி வருமா? புதியவர்களைத் தனியாக விடுவதற்கு முன் இதைத்தான் சோதிப்பார்கள். இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் இருக்கிறது. விலங்கு 90 சதவீத நேரம் தூங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் விலங்கைப் பார்க்காமலேயே, அதே விகிதத்தில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் 82 சதவீதம் ஒத்துப்போகும்: இருவரும் 'தூக்கம்' என்று எழுத 0.9 பெருக்கல் 0.9, இருவரும் 'தூங்கவில்லை' என்று எழுத 0.1 பெருக்கல் 0.1, இரண்டையும் கூட்டினால் 0.82. அதாவது எண்பது சதவீதம் ஒத்துப்போனது என்று சந்தோஷப்பட ஒன்றுமில்லை. ஜேக்கப் கோஹன் 1960-இல் தந்த கப்பா என்ற அளவு, தற்செயலாக வரும் இந்த ஒற்றுமையைக் கழித்துவிட்டு மீதியைத்தான் கணக்கில் எடுக்கிறது.

இப்போது அந்தக் கரடிக்கு வருவோம். குட்டி போட்ட பூனை மாதிரி அலைகிறது என்று சொல்வோமே, ஆனால் இதை நெருங்கிப் பார்த்தால் அதைவிட இறுக்கமாக இருக்கும்: புல் தேய்ந்து மண் தெரியும் ஒரு தடம், ஒவ்வொரு முறையும் அதே கல்லுக்குப் பக்கத்தில் திருப்பம், திரும்பும்போது அதே பக்கம் தலையை ஒரு வீச்சு, முன்கால் பதிந்த இடத்திலேயே மறுபடி பதியும். 2003-இல் ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் இருவரும் பல ஊனுண்ணி இனங்களை ஒப்பிட்டபோது, இயற்கையில் அதிகப் பரப்பில் திரியும் இனங்கள்தான் அடைபட்டால் அதிகம் உலாத்துகின்றன என்று தெரிந்தது, அவற்றின் குட்டிகள் இறப்பதும் அதிகம். பனிக்கரடிக்குப் பூங்காவில் வழக்கமாகக் கிடைக்கும் இடம், இயற்கையில் அது திரியும் குறைந்தபட்சப் பரப்பில் சுமார் 10 லட்சத்தில் 1 பங்கு.

ஆனால் உலாத்துகிறது என்றவுடன் இன்றைய வாழ்க்கை மோசம் என்று முடிவு கட்டவும் முடியாது. சிறிய கூண்டில் வளர்ந்த விலங்கு பெரிய, நல்ல இடத்துக்கு வந்த பிறகும் பழைய தடத்தின் நீளத்துக்கே நடந்துகொண்டிருக்கலாம், ஆறிய காயத்தின் தழும்பு அது. தினமும் ஒரே நேரத்தில் தீனி வந்தால் அதற்கு முந்தைய அரை மணியில் மட்டும் உலாத்தல் ஏறும். இதைப் பிரித்துச் சொல்ல ஒரே வழி நேரவாரியான குறிப்புகள்தான். இன்னொரு பக்கம், எதுவும் செய்யாமல், சுற்றிலும் நடப்பதற்குத் தலையைக்கூடத் தூக்காமல் கிடக்கும் விலங்கை யாரும் புகாராகச் சொல்வதில்லை. உலாத்துகிறதைவிட அதன் நிலைமை மோசமாக இருக்கக்கூடும், எண்ணிப் பார்த்தால்தான் அது வெளியே வரும்.

உலாத்தலைக் குறைத்தாக வேண்டும் என்று தீர்மானித்தால், தீனியை ஒளித்துவைப்பது, புதிய வாசனை, தோண்ட மண், ஏற மரம் என்று சூழலைச் செறிவாக்குவார்கள். தீனிக்கு உழைக்க வைப்பது கொடுமை இல்லையா என்று சிலர் கேட்கிறார்கள். கிளென் ஜென்சன் 1963-இல் எலிகளை வைத்துச் சோதித்தபோது, பக்கத்திலேயே கிண்ணத்தில் தீனி இருந்தும் எலிகள் நெம்புகோலை அழுத்தியும் தின்றன. அதன் பிறகு பல இனங்களில் இதே போக்கைப் பார்த்திருக்கிறார்கள், வீட்டுப்பூனை மட்டும் பெரும்பாலும் கிண்ணத்துக்கே போகிறது. எது உண்மையில் உதவுகிறது என்பதற்கு முதலில் மாற்றம் இல்லாமல் சில வாரம், அப்புறம் மாற்றத்தோடு, பிறகு அதை எடுத்துவிட்டு என்று மூன்று கட்டமாகக் குறிப்பார்கள். எடுத்தவுடன் உலாத்தல் பழைய அளவுக்கு ஏறினால் காரணம் அதுதான் என்று நம்பிச் சொல்லலாம். புதிய பந்து முதல் இரண்டு நாள் அமர்க்களமாக இருக்கும், மூன்றாவது வாரத்தில் மூலையில் கிடக்கும், முதல் நாள் வீடியோவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

பகலில் நிற்க முடியாதவர்களுக்கும் வேலை உண்டு. யானைகள் இரவில் எவ்வளவு நேரம் படுக்கின்றன என்பது நல்ல அளவுகோல், கடினமான தரையைவிட மணலில் அவை அதிக நேரம் படுக்கின்றன. இரவு கேமரா பதிவை உட்கார்ந்து குறிக்க ஆள் வேண்டும்.

சேர்வதற்கு முன் ஒரு முறை செய்து பாருங்கள். காகம், அணில், வீட்டுப்பூனை எதுவானாலும் சரி, அது செய்யும் பத்துச் செயல்களுக்கு வரையறை எழுதி, இன்னொருவரையும் உட்கார வைத்து, நிமிடத்துக்கு ஒரு குறிப்பாக இருபது நிமிடம் ஆளுக்கொரு தாளில் குறியுங்கள். இரண்டு தாள்களும் எங்கே பிரிகின்றன என்று தேடுங்கள், 'படுத்திருக்கிறது' என்பதற்கும் 'தூங்குகிறது' என்பதற்கும் நடுவில் பிரிந்தால் கண் மூடியிருக்க வேண்டுமா, தலை தரையில் இருக்க வேண்டுமா என்று முடிவுசெய்து வரையறையைத் திருத்திக்கொண்டு மறுநாள் மறுபடி உட்காருங்கள்.