லேசர் என்றால், எந்த லேசர்?

"கத்தி வேண்டாம் டாக்டர், லேசர்லயே எடுத்துடுங்க." கண்புரைக்கு வருபவர்கள் பலரும் கேட்பது இது. பெரும்பாலான கண்புரை அறுவையில் லேசரே கிடையாது. பேகோ என்னும் சிறு வெட்டு அறுவை முறையில் புரையை உடைப்பது அல்ட்ராசவுண்ட், அதாவது காதுக்கு எட்டாத ஒலியதிர்வு. 1967இல் அமெரிக்கக் கண் மருத்துவர் சார்லஸ் கெல்மன் கொண்டுவந்தது. பல்லில் காரை எடுக்கும் கருவியைப் பார்த்து அவருக்கு உதித்த யோசனை. வெட்டு சின்னது, தையல் இல்லை என்பதாலேயே அதற்கு லேசர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. விளம்பரம் எழுதுபவர்களுக்கும் அதைத் திருத்த மனம் வருவதில்லை. ஃபெம்டோசெகண்ட் லேசர் அறுவை என்று ஒன்று உண்டுதான். அதிலும் சில கட்டங்கள் மட்டுமே லேசரின் வேலை. மிச்சம் மருத்துவரின் கையில்.

'தூண்டப்பட்ட கதிர் உமிழ்வால் ஒளியைப் பெருக்குதல்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கோத்த சொல் லேசர். அந்தத் தூண்டல் பற்றி ஐன்ஸ்டீன் 1917லேயே எழுதிவிட்டார். 1954இல் நுண்ணலையை அப்படிப் பெருக்கிய கருவிக்கு மேசர் என்று பெயர். நுண்ணலையைக் குறிக்கும் 'எம்' எழுத்தை எடுத்துவிட்டு ஒளியைக் குறிக்கும் 'எல்' எழுத்தை வைத்தால் லேசர். 1957இல் இயற்பியலாளர் கார்டன் கூல்ட் தன் நோட்டில் அப்படித்தான் எழுதினார். 1960 மே 16 அன்று தியோடர் மைமன் செயற்கை மாணிக்கக்கல்லிலிருந்து முதல் லேசர் ஒளியை வரவழைத்தார். பிற்பாடு அதன் வாலை நறுக்கி 'லேஸ்' என்று ஒரு வினைச்சொல்லையும் ஆங்கிலத்தில் உண்டாக்கிக்கொண்டார்கள்!

அந்தத் தொடரின் கடைசிச் சொல் ரேடியேஷன். அதைப் படித்துவிட்டு, "புற்றுநோய் வருமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே அது ஒளி அலையாகப் பரவுவதை மட்டுமே குறிக்கிறது. விளக்கொளியும் அந்தக் கணக்கில் சேரும். எக்ஸ்ரேயோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எங்கள் துறையில் அதிகம் புழங்கும் லேசர்கள் மூன்று. கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லாசிக்கில் 193 நானோமீட்டர் எக்சைமர் லேசர், கருவிழியைச் செதுக்கிப் பவரை மாற்றும். யாக் லேசரின் வேலை வேறு. கண்புரை அறுவைக்குச் சில மாதமோ வருடமோ கழித்து, லென்ஸுக்குப் பின்னாலுள்ள உறை மங்கலாம். புரை மறுபடி வளர்ந்துவிட்டது என்று பயந்து வருவார்கள். புரை வளரவில்லை, யாக் அந்த உறையில் ஒரு துளை போடும், அவ்வளவுதான்.

மூன்றாவதில்தான் மனக்கசப்பு அதிகம். சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்களுக்குப் பெரும்பாலும் பச்சை லேசரால் நூற்றுக்கணக்கான சூடுகள் வைக்கிறோம். "லேசர் வெச்சும் பார்வை கூடலையே" என்பார்கள். அது பார்வையைக் கூட்ட வைப்பதல்ல. இருக்கிற பார்வை பறிபோகாமலிருக்க வைப்பது. இரவுப் பார்வையும் ஓரப் பார்வையும் கொஞ்சம் குறையக்கூடும். இதை முன்கூட்டியே சொல்லாதது எங்கள் துறையின் தவறு. ஆகவே லேசர் என்று சொன்னதும், எந்த லேசர், எதற்கு என்று கேளுங்கள்.

மருத்துவமனைக்கு வெளியே ஒன்று: பிள்ளைகள் கையிலிருக்கும் லேசர் பாயின்டர். ஒரு மில்லிவாட்டுக்குள் இருந்தால், கண் தானாகச் சிமிட்டி ஒதுங்கிவிடும். ஆனால் விற்பனையில் இருப்பவற்றில் லேபிளில் போட்ட அளவைவிட வீரியமானவையும் கலந்திருக்கின்றன. விழித்திரைக்கு வலி தெரியாது. அதனால் பிள்ளை அழாது, எதையும் சொல்லவும் செய்யாது. நடுப்பார்வையில் விழுந்த ஓட்டை வெகுநாள் கழித்துத்தான் தெரியவரும். அந்தத் தழும்பை அழிக்க எந்த லேசரும் இல்லை.