சராசரிப் படத்தை நம்பித் துணி இறக்காதீர்கள்

திருப்பூரில் புதுத் துணிரகம் இறக்குமுன் கருத்துக் கேட்கச் சொல்லும் கம்பெனிகள் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான்: "எல்லார் மார்க்கையும் கூட்டி ஒரே படமாப் போட்டுக் குடுத்துருங்க." படம் போடுவது எளிது. வம்பு அந்தக் கூட்டலில் இருக்கிறது.

பத்து பின்னல் துணித் துண்டுகளை இரண்டிரண்டாகக் கையில் கொடுத்து, எவ்வளவு வித்தியாசம் என்று 0 முதல் 9 வரை மார்க் கேட்போம். மொத்தம் 45 ஜோடி. (15 துண்டு என்றால் 105. அதற்குள் யாருக்கும் பொறுமை போய்விடும்.) வித்தியாசம் கூடியவை தள்ளியும் குறைந்தவை பக்கத்திலும் விழும்படி துண்டுக்கு ஒரு புள்ளி வைப்பதுதான் பல்பரிமாண அளவீடு. மார்க்கின் வரிசையை (எது கூட, எது குறைவு) மட்டும் வைத்தே படம் போடும் கணக்குமுறையை 1964-இல் கிரஸ்கல் என்ற கணித ஆய்வாளர் தந்தார்.

கட்டிங் மாஸ்டர் துண்டை வாங்கியதும் குறுக்கே இழுத்து விடுவார், ஓரம் சுருளுகிறதா என்று பார்ப்பார். "ரெண்டும் ஒண்ணுதானுங்க, ஜிஎஸ்எம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்" என்று 1 போடுவார். (ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு.) அதே ஜோடியை, திருப்பூரின் துணிச் சந்தையான காதர்பேட்டையில் குழந்தைக்கு பனியன் எடுக்க வந்த அக்கா கன்னத்தில் ஒற்றிப் பார்த்து, ஒன்று சொரசொரப்பு என்று 8 போடுவார். சராசரி நாலரை. அப்படி உணர்ந்தவர் ஒருவரும் இல்லை.

1970-இல் கேரல், சாங் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட இன்ட்ஸ்கால் முறை இதற்குத்தான். படம் எல்லோருக்கும் பொது. அதன் அச்சுகளுக்கு, அதாவது இழுவை, மென்மை என்று வித்தியாசம் ஓடும் திசைகளுக்கு, அவரவர் தரும் எடை (எவ்வளவு கணக்கில் எடுக்கிறார் என்பது) வேறு. மாஸ்டருக்கு இழுவை அச்சு நீளும், மென்மை அச்சு சுருங்கும். நிறங்களுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்று பலரிடம் கேட்டு ஹெல்ம் என்ற ஆய்வாளர் திரட்டிய தரவில் இது பளிச்சென்று தெரிந்தது: நிறக்குறைபாடு உள்ளவர்களுக்குச் சிவப்பு–பச்சை அச்சின் எடை குறைந்து வந்தது. எல்லோரையும் கூட்டியிருந்தால் அவர்கள் இருந்ததே தெரிந்திருக்காது.

மார்க் போட்டவர்களை நாமே தொழில்வாரியாகக் குழு பிரித்துவிடுவதும் எனக்குப் பிடிப்பதில்லை. வாங்க வருபவர்களிலும் மாஸ்டரைப் போல இழுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. எடையை முதலில் பாருங்கள், குழு தானாகத் தெரியும்.

அறிக்கை வாங்கும்போது படத்தோடு எடை அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள். அதில் ஒருவருக்கு எல்லா அச்சிலும் எடை குறைவாக இருந்தால், அவருக்கு எதுவும் முக்கியமில்லை என்று எழுதிவிட வேண்டாம். அவருடைய விடைகள் அந்தப் படத்தில் பொருந்தவில்லை, அவ்வளவுதான். அவர் பார்க்கும் அச்சு படத்திலேயே இல்லாமல் இருக்கலாம். அல்லது 45 ஜோடிக்கும் யோசிக்காமல் 5 போட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம். மூலத் தாளை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.