ஆற்றில் இறங்கும் ஜீப் எங்கெல்லாம் மூச்சு விடுகிறது?

இமாச்சலத்தில் கிராம்ஃபூவிலிருந்து படால் வரைக்கும் போகும் மலைப்பாதையில் ஓடைகள் பாதையின் மேலேயே பாயும். எல்லாம் பனி உருகி வரும் தண்ணீர். காலையில் கணுக்கால் அளவு ஓடுவது, மதிய வெயில் ஏறியபின் முழங்காலைத் தாண்டிவிடும். அதனால் அந்த வழியே போகிறவர்கள் விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும்.

மஹிந்திரா தார் ஜீப்புக்கு 650 மி.மீ. ஆழம் வரை போகலாம் என்று நிறுவனம் சொல்கிறது. இத்தகைய எண்களை அசையாத நீருக்கான உச்ச வரம்பாகத்தான் கொள்ள வேண்டும். ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதோடு வண்டி மிதக்கவும் பார்க்கும். தளத்தின் பரப்பு 3 சதுர மீட்டர் என்றால், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 செ.மீ. நீரும் சுமார் 300 கிலோவைத் தூக்கும். டயர் மேல் எடை குறைந்தால் பிடிப்பும் போய்விடும். கதவு இடுக்கில் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வருவது இந்த வகையில் நல்லதுதான்.

இன்ஜின் மூச்சு விடும் இடம் ஏர் ஃபில்டரின் வாய். 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 550 மி.லி. காற்று போகும். அழுத்த விகிதம் 16 என்றால், அதாவது காற்று பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் வெறும் 37 மி.லி.; இரண்டரை மேசைக்கரண்டி. அதைவிட அதிகமாகத் தண்ணீர் புகுந்தால், காற்றைப் போல அது சுருங்காது. பிஸ்டன் பாதியில் நின்றுவிடும், கீழே சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் தள்ளிக்கொண்டே இருக்கும், நடுவில் மாட்டிய கனெக்டிங் ராட் வளையும். ஆகவே தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் சாவியைத் தொடவே கூடாது. வெளியே இழுத்து, சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்குகளையோ எரிபொருள் தெளிக்கும் இன்ஜெக்டர்களையோ கழற்றி, உள்ளே உள்ள நீர் வெளியேற வழிவிட்ட பிறகே இன்ஜினைச் சுற்றவிட வேண்டும்.

ஸ்நார்கல் எனும் காற்றுக்குழாய் இந்த ஒரு வாயை மட்டும்தான் கூரைக்கு உயர்த்துகிறது. ஃபில்டர் பெட்டியின் அடியில் இருக்கும் வடிகால் துளை அடைபடாவிட்டால், உயர்த்தியும் பயனில்லை.

பலரும் மறப்பது டிஃபரன்ஷியலை; அச்சின் நடுவில் இருந்து இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி அது. மலையேறிச் சூடான அச்சு பனித்தண்ணீரில் இறங்கியதும் உள்ளே உள்ள காற்று சட்டென்று சுருங்குகிறது. பிரீதர் எனும் காற்றுத் துளை தண்ணீருக்குள் இருந்தால் அது வழியாகவும், தேய்ந்த ஆயில் சீல் வழியாகவும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். பிரீதரில் ஒரு ரப்பர் குழாயைச் சேர்த்து பானெட்டுக்குள் உயரமாகக் கட்டிவிடலாம். ஸ்நார்கலுக்கு முன்னால் செய்யவேண்டிய வேலை இதுதான். கியர்பாக்ஸ், முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டுக்கும் பிரீதர் உண்டு.

இறங்குமுன் ஒரு கம்போடு நடந்து ஆழத்தையும் அடித்தரையையும் பார்க்க வேண்டும். உங்களால் நிற்க முடியாத ஓட்டத்தில் வண்டியை இறக்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் காஹில்ஸ் கிராசிங் எனும் ஆற்றுக்கடவு போல முதலை இருக்கும் இடத்தில் இந்தச் சோதனைக்கே வழியில்லை. அங்கே அளவுகோல் பலகையையும் ஓத நேரத்தையும்தான் நம்ப வேண்டும்.

சிக்கிய வண்டியை இழுக்கும் ரெக்கவரி ஸ்ட்ராப்பை முன்பே மாட்டிவிடுங்கள். சீட் பெல்ட்டை அவிழ்த்து, கண்ணாடியை இறக்கி, ஏசியை அணையுங்கள். நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக விசையோடு சுழலும் ஃபோர் லோவில் முதல் அல்லது இரண்டாம் கியர். மெல்ல இறங்கி, மணிக்கு 5 கி.மீ. அளவில் ஒரே சீராகப் போனால் பம்பருக்கு முன் ஒரு அலை எழும். அதன் பின்னால் பானெட்டுக்குள் நீர்மட்டம் தாழும். வேகம் கூடினால் தண்ணீர் உள்ளே சிதறி, சுழலும் ஃபேன் இறக்கைகளை ரேடியேட்டர் பக்கம் வளைத்துவிடும்; அவை ரேடியேட்டரைக் கிழித்துவிடும். நடுவில் கியர் மாற்ற வேண்டாம்: கிளட்ச்சை மிதித்தால் தட்டுகளுக்கு இடையே சேறு நுழையும்.

கரையேறியதும் பிரேக்கை லேசாக அழுத்தியபடி கொஞ்ச தூரம் ஓட்டி உலர்த்துங்கள். டிரம் பிரேக்கில் தேங்கிய மண்ணைத் தனியே கழுவ வேண்டும். சில மணி நேரம் நிறுத்தி வைத்தபின் டிஃபரன்ஷியலின் வடிகால் போல்ட்டைச் சற்றே தளர்த்தினால், நீர் புகுந்திருந்தால் எண்ணெய்க்கு முன் அதுதான் சொட்டும். எண்ணெய் பால் நிறத்தில் வந்தால் முழுவதையும் மாற்றிவிடுங்கள்.