ஊக்கத்தொகை வாங்கும் டாக்டரா?

‘மருத்துவர்களின் ஊக்கத்தொகை சிகிச்சையைப் பாதிக்கிறது.’ மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் நடக்கும் சுகாதாரப் பேச்சுகளில் இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. யாரோ டாக்டருக்குப் பரிசு கொடுத்தார்கள், அவர் கெட்டுப்போனார் என்றுதானே கேட்பவர் நினைப்பார்? சொல்ல வந்தது அதுவே இல்லை, டாக்டரின் சூழ்நிலையே அவரை ஒரு பக்கம் தள்ளுகிறது என்பதுதான்.

ஊக்கத்தொகை என்று இவர்கள் மொழிபெயர்க்கும் இன்சென்டிவ் (incentive) என்ற ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. பாட்டுக்குச் சுருதி எடுத்துக் கொடுப்பது என்ற பொருளில் பிறந்து, தூண்டுவது என்று ஆகி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கூலிப் பேச்சில் புழங்கத் தொடங்கியது. அது போதும்.

ஊக்கம் என்றால் தமிழில் நல்லதுதான். குறளில் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமே உண்டு. கரும்பு விவசாயிக்குத் தமிழ்நாட்டு அரசு தருவதை ஊக்கத்தொகை என்றால் சரி, பொருந்துகிறது. டாக்டர் விஷயத்தில் யாரும் எதையும் தனியாக எடுத்துத் தருவதில்லையே! நம் நாட்டுத் தனியார் கிளினிக்கில் பார்ப்பவரும் டாக்டர், மருந்து விற்பவரும் டாக்டர். ஆலோசனைக் கட்டணமோ பல வருடங்களாக 10 வெள்ளிக்கும் (ரிங்கிட்) 35 வெள்ளிக்கும் நடுவில் கட்டிப்போடப்பட்டிருந்தது. கடை வாடகை, தாதி சம்பளம் எல்லாம் மருந்து லாபத்தில்தான் ஓட வேண்டும் என்றால் கை தானாக இன்னொரு பாக்கெட் மாத்திரையை எடுத்து வைக்கும். 2025 மே 1 முதல் மருந்து விலையை எழுதிக் காட்ட அரசு சொன்னபோது டாக்டர்கள் ஏன் கொதித்தார்கள் என்பதும் இதை வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

தொகை என்ற பாதியும் தவறு. ஒரே கடைவரிசையில் மூன்று கிளினிக் இருந்தால், சளிக்கு ஆன்டிபயாடிக் தர மறுப்பவரையும் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) எழுதத் தயங்குபவரையும் விட்டுவிட்டு ஜனம் பக்கத்துக் கதவைத் தட்டும். ஆளை இழக்கும் பயம்தான் அங்கே தூண்டுகிறது, காசு கை மாறவே இல்லை. தோட்டத்து மருந்தகத்தில் நோயாளிகளைப் பார்த்து மருந்து தரும் டிரெசரையும் நினைத்துப் பாருங்கள். மாதச் சம்பளக்காரர், பத்துப் பேரைப் பார்த்தாலும் நூறு பேரைப் பார்த்தாலும் சம்பளம் ஒன்றுதான். கூடுதலாகக் கொடுக்க அவருக்குக் காரணமில்லை, இருமலோ வயிற்றுவலியோ பாட்டிலில் அதே தண்ணி மருந்தை ஊற்றிக் கொடுத்து அனுப்பத்தான் காரணம் உண்டு. குறைத்துச் செய்யத் தூண்டுவதற்குப் பெயரும் ஊக்கமா?

தூண்டல் என்று சொல்லுங்கள். காசு சம்பந்தப்பட்ட இடத்தில் ஆதாயத் தூண்டல். நல்லதற்கும் தூண்டலாம், கெட்டதற்கும் தூண்டலாம், மீனுக்குப் போடும் தூண்டிலும் அந்த வேர்தான். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதல் வரியைத் தாண்ட மாட்டேன் என்கிறார்கள். இன்செந்திஃப் என்று மலாயில் வந்தால் ஊக்கத்தொகை, எங்கே வந்தாலும் ஊக்கத்தொகை. இந்தக் கூத்துக்கு இன்சென்டிவ் என்றே எழுதிவிட்டுப் போகலாம்.

தூண்டல் இயற்பியல் சொல்லாயிற்றே என்று ஒரு வாத்தியார் வருவார். வரட்டும். கிளினிக் பற்றிய கட்டுரையில் யாரும் காந்தச் சுருளைத் தேடப் போவதில்லை.