ஆம்புலன்ஸுக்குக் காப்பீட்டு அட்டை தேவையில்லை

அரசு மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போன வாரம் மறுபடியும் அதே கதை. வாய் கோணி, வலது கை விழுந்துபோன ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால், மகன் முதலில் நீட்டியது முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை. "இது இல்லாம ஆம்புலன்ஸ் ஏத்த மாட்டாங்கன்னு சொன்னாங்க சார், பீரோவுல தேடி எடுக்க நேரமாயிருச்சு." தேடிக் கிடைத்த பிறகும் 108ஐக் கூப்பிடவில்லை. தெரிந்தவர் சொன்ன தனியார் வேனில் வந்திருக்கிறார்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஸ்கேன் எடுத்து முடித்தபோது அந்த நேரம் தாண்டியிருந்தது.

மகனின் சட்டைப் பையில் இன்னொரு காகிதம். வேன் டிரைவர் எழுதிக் கொடுத்த ரசீது. வாடகை தனி, ஆக்சிஜன் தனி, காத்திருந்ததற்குத் தனி. "இதைக் காப்பீட்டுல கழிச்சிரலாம்ல?" என்று கேட்டார்.

முடியாது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் போதவில்லை, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் வந்தது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் என்று கேட்டதும், அது நம் பெயரில் வங்கியில் கிடக்கும் பணம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நோயாளியைச் சேர்த்த பிறகு மருத்துவமனை முன் அனுமதி கேட்கும். இன்ன சிகிச்சைக்கு இவ்வளவு என்று ஏற்கெனவே நிர்ணயித்த தொகை உண்டு. அதைக் காப்பீட்டு நிறுவனம் நேராக மருத்துவமனைக்குக் கொடுக்கும். உங்கள் கைக்கு ஒரு ரூபாயும் வராது, நீங்கள் தரும் ரசீதுக்கு அங்கே இடமும் கிடையாது. அட்டைக்கு வேலை மருத்துவமனைக்குள்ளேதான், ரோட்டில் இல்லை.

108 வேறு கணக்கு. 2008 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஓடுகிறது. செலவு அரசு நிதியிலிருந்து வருகிறது. அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழ் எதுவும் கேட்க மாட்டார்கள். பணக்காரருக்கும் இலவசம், வெளிமாநிலத் தொழிலாளிக்கும் இலவசம். யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள், புகார் சொல்லுங்கள்.

ஆம்புலன்ஸையும் காப்பீட்டில் சேர்த்துவிடலாமே என்று படித்தவர்களே கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காப்பீடு ஒவ்வொரு கேஸுக்கும் தனித்தனியாகப் பணம் தரும். ஆம்புலன்ஸோ, கேஸ் வராத ராத்திரியிலும் டீசலோடும் ஆக்சிஜனோடும் ஆளோடும் தயாராக நிற்க வேண்டும். அப்படி நிற்பதற்குத்தான் செலவு. மத்திய அரசின் பழைய ஆர்.எஸ்.பி.ஒய் காப்பீட்டில் பயணப்படி என்று ஒரு தடவைக்கு 100 ரூபாய் வைத்திருந்தார்கள். அதை நம்பி எந்த வண்டி நடுராத்திரியில் காத்து நிற்கும்?

தனியார் பாலிசி வைத்திருப்பவர்களும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். பல நிறுவனங்கள் விற்கும் ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் ஆம்புலன்ஸுக்கு ஒரு அட்மிஷனுக்கு அதிகபட்சம் 2,000 ரூபாய். அதற்கு மேல் உங்கள் பை.

சாலை விபத்து என்றால் சிகிச்சைக்கும் அட்டை வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும்தான். அடிபட்டவர் எந்த ஊர், எந்த மாநிலம் என்று பார்ப்பதில்லை.

அப்புறம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்ததும் வாசலில் நிற்கும் வேன்காரரிடம் பேரம் பேச ஓடாதீர்கள். அரசு மருத்துவமனையிலிருந்து அரசு மருத்துவமனைக்கு மாற்றினால் 108தான் கொண்டுபோகும். டாக்டரிடம் கேளுங்கள், வண்டி வரும்வரை வார்டிலேயே இருங்கள். பிரசவம் முடிந்து தாயும் பிள்ளையும் வீடு திரும்ப 102. இறந்தவரை அரசு மருத்துவமனையிலிருந்து ஊருக்குக் கொண்டுபோக 155377, அமரர் ஊர்தி, அதுவும் இலவசம். அந்த நேரத்தில் வட்டிக்கு வாங்கி வண்டி பிடிக்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. தயவுசெய்து இந்த எண்ணை நாலு பேருக்குச் சொல்லி வையுங்கள்.

108க்குப் பேசும்போது என்ன ஆயிற்று என்பதை முதலில் சொல்லுங்கள். ஊர், தெரு, பக்கத்தில் இருக்கும் கோயிலோ பள்ளிக்கூடமோ சொல்லுங்கள். பேசிய போனில் வேறு யாருடனும் பேசாதீர்கள், டிரைவர் அதில்தான் கூப்பிடுவார். ஒருவர் மெயின் ரோட்டுக்குப் போய் நிற்கட்டும். கை விழுந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள், நாங்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான். சாப்பிடும் மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். காப்பீட்டு அட்டையை வீட்டில் இருப்பவர்கள் நிதானமாகத் தேடி அடுத்த பஸ்ஸில் கொண்டுவரட்டும்.